வெள்ளிக்கிழமைக்குள் எழுபதாயிரம் கட்டச் சொல்கிறார்கள், கட்டலாமா?

கோத்தகிரி பக்கம் ஒரு சிற்றூரிலிருந்து வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

குன்னூரில் ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்தவர். கணவருக்கு ஓர் ஏக்கர் தேயிலை. வீட்டில் சம்பளச் சான்று இவரிடம்தான் இருந்தது என்பதால், மாடியில் இரண்டு அறை கட்டி ஹோம் ஸ்டே நடத்த 2018-இல் இவர் பெயரில் இரண்டரை லட்சம் தனிநபர் கடன் வாங்கினார்கள். கட்டில், மெத்தை, ஹீட்டர் எல்லாம் கிரெடிட் கார்டில். 2020 ஏப்ரல் சீசனுக்கு அறைகளைத் திறப்பதாக இருந்தது. மார்ச்சில் ஊரடங்கு வந்தது. பள்ளியில் சம்பளம் பாதியாகி, பிறகு வேலையும் போனது. 2021 ஜனவரியோடு தவணை நின்றுவிட்டது.

தனிநபர் கடனில் அசல் பாக்கி 1,08,000. இப்போது கேட்பது 1,74,000. கார்டில் 46,000 நின்றது. அது 2,10,000 ஆகிவிட்டதாம். 2023 நவம்பரில் தொல்லை தாங்காமல் தனிநபர் கடனுக்கு மட்டும் 5,000 ரூபாய்க்குக் காசோலை கொடுத்திருக்கிறார். மகனுக்குக் கோவையில் பொறியியல் இடம் கிடைத்திருக்கிறது. கல்விக்கடன் கேட்டுப் போனால் வங்கி மேலாளர், "உங்கள் சிபில் சரியில்லையே" என்று வாயால் சொல்லி அனுப்பிவிட்டார். அதே வாரம் கார்டு வசூல் ஏஜெண்ட் கூப்பிட்டு, "வெள்ளிக்கிழமைக்குள் 70,000 என் நம்பருக்குப் போடுங்கள், சிபில் கிளீன் ஆகிவிடும், இல்லாவிட்டால் போலீஸ் வரும்" என்கிறார். சீட்டு எடுத்த பணம் 1,30,000 கையில் இருக்கிறது. "கட்டிவிடலாமா? மூன்று வருஷம் தாண்டிவிட்டதால் கட்டவே வேண்டாம் என்று உறவினர் சொல்கிறாரே, அது சரியா? ஜெயிலுக்குப் போக வேண்டிவருமா?"

சகோதரி, வெள்ளிக்கிழமை கட்ட வேண்டாம். அந்தத் தேதி சட்டம் வைத்ததல்ல, வங்கி வைத்ததும் அல்ல, ஏஜெண்ட் வைத்தது. கழித்துத் தருகிற சலுகை உண்மையானதாக இருந்தால் அது திங்கட்கிழமையும் இருக்கும். பெரும்பாலும் மார்ச் மாதக் கணக்கு முடிக்கும் நேரத்தில் இன்னும் இறங்கிவரும்.

மகனின் படிப்பையும் பழைய கடனையும் பிரித்துப் பாருங்கள்

நீங்கள் பதறுவது மகனுக்காக. ஆனால் இன்றைக்கு 70,000 கட்டினாலும் அடுத்த மாதம் உங்கள் சிபில் மதிப்பெண் கல்விக்கடன் தரும் அளவுக்கு ஏறிவிடாது. கழித்துக் கட்டிய கணக்கு, உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் அறிக்கையில் 'செட்டில்டு' என்று பதியும். வங்கிக்காரர் கண்ணில் அதுவும் ஒரு குறைதான். ஆக, எந்த அவசரத்துக்காகப் பணத்தைக் கொடுக்கிறீர்களோ அந்த அவசரத்துக்கு அது உதவப்போவதில்லை.

கல்விக்கடனில் மாணவரோடு பெற்றோர் ஒருவர் இணைக் கடனாளியாகக் கையெழுத்திடுவது வழக்கம். அது நீங்களாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. உங்கள் கணவர் எந்தக் கடனிலும் சேர்ந்து கையெழுத்திடவில்லை, ஜாமீனும் போடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் உங்கள் பாக்கிக்கு அவர் பொறுப்பாளி அல்ல. கணவன் மனைவி என்பதாலேயே கடன் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தாவாது. பச்சைத் தேயிலைப் பணம் ஃபேக்டரியிலிருந்து அவர் வங்கிக் கணக்கில் ஏறுகிறது, கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனைத் தவறாமல் அடைத்திருக்கிறார் என்றும் சொல்கிறீர்கள். முதலில் அவருடைய அறிக்கையை எடுத்துப் பாருங்கள். சுத்தமாக இருந்தால் அவர் பெயரைப் போட்டு வித்யா லட்சுமி இணையதளம் வழியாக விண்ணப்பியுங்கள். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி 7.5 லட்சம் வரையிலான கல்விக்கடனுக்கு அரசின் உத்தரவாத நிதி உண்டு. சொத்து அடமானம் கேட்கத் தேவையில்லை. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மறுப்பின் முக்கியக் காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் நெறிமுறை. வாயால் சொன்ன மறுப்பை வைத்துக்கொண்டு யாரிடமும் மேல்முறையிட முடியாது.

அறிக்கை என்றதும் எல்லோரும் சிபில் ஒன்றையே நினைக்கிறார்கள். கடன் வரலாற்றைப் பதியும் நிறுவனங்களில் எக்ஸ்பீரியன், எக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகியவையும் உண்டு. நான்குமே ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். உங்களுடையதையும் நான்கு இடத்திலும் எடுங்கள். கார்டு கணக்கு இன்னும் அந்த வங்கியின் பெயரில்தான் இருக்கிறதா, வேறு நிறுவனத்துக்கு விற்கப்பட்டுவிட்டதா, கடைசியாகக் கட்டிய தேதி என்ன போட்டிருக்கிறது என்பதெல்லாம் அதில் தெரியும். யாரிடம் பேச வேண்டும் என்பது தெரியாமல் பேரம் தொடங்கக் கூடாது.

போலீஸ், ஜெயில்

கடன் கட்ட முடியாமல் போவது உரிமையியல் விவகாரம், குற்றமல்ல. கடன் வசூலிப்பது போலீஸின் வேலையும் அல்ல. ஒரு முக்கியமான விலக்கு: 2018-இல் முன்கூட்டியே கையெழுத்துப் போட்ட காசோலை எதையாவது கொடுத்திருக்கிறீர்களா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். காசோலை திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவில் குற்ற வழக்கு வரலாம். அதற்கும் முதலில் வக்கீல் நோட்டீஸ் வர வேண்டும். வந்த நாளிலிருந்து பணம் கட்ட 15 நாள் அவகாசம் உண்டு. அப்படி ஒரு நோட்டீஸ் வந்தால் அன்றே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

மூன்று வருஷக் கணக்கு

உங்கள் உறவினர் சொன்னதில் பாதி சரி. கொடுத்த பணத்துக்கு வழக்குப் போட 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டம் மூன்று ஆண்டுதான் தருகிறது. ஆனால் கொரோனாவை முன்னிட்டு 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான காலத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நீங்கள் தவணை நிறுத்திய 2021 ஜனவரி அதற்குள் விழுகிறது. எனவே உங்கள் மூன்று ஆண்டு 2022 மார்ச் 1-இல்தான் ஓடத் தொடங்குகிறது. 2025 பிப்ரவரி கடைசியில் முடிகிறது.

கார்டுக்கு இந்தக் கணக்கு பொருந்தும். இடையில் பணம் கட்டவில்லை, எழுத்தில் ஒப்புக்கொள்ளவில்லை, வங்கி வழக்கும் போடவில்லை என்றால் அதன் கெடு முடிந்துவிட்டது. வழக்கு ஏதும் இருக்கிறதா என்பதை இ-கோர்ட்ஸ் தளத்தில் உங்கள் பெயரைப் போட்டுத் தேடுங்கள்.

தனிநபர் கடனின் கதை வேறு. 2023 நவம்பரில் நீங்கள் கொடுத்த காசோலை, கெடு முடிவதற்குள் செய்த பகுதிச் செலுத்துகை. உங்கள் கையெழுத்தும் அதில் இருக்கிறது. காலவரையறைச் சட்டத்தின் 19-ஆவது பிரிவின்படி அந்த நாளிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு, அதாவது 2026 நவம்பர் வரை தனக்கு உண்டு என்று வங்கி வாதிடலாம். அந்த வாதம் வலுவானது. ஐயாயிரம் கொடுத்து ஏஜெண்டின் வாயைச் சில வாரம் அடைத்தீர்கள். கூடவே கெடுவையும் நீட்டிக் கொடுத்துவிட்டீர்கள். தெரியாமல் நடந்தது, விடுங்கள்.

கெடு முடிந்தாலும் கடன் செத்துப்போவதில்லை. நீதிமன்றக் கதவுதான் அடைபடுகிறது. கடன் இருக்கும், அறிக்கையில் பதிவும் இருக்கும். முறையாகக் கேட்கும் உரிமையும் அவர்களுக்கு இருக்கும். கார்டு கணக்கில் 'ரைட் ஆஃப்' என்று போட்டிருப்பதைப் பார்த்து நிம்மதி அடைந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது வங்கி தன் வரவு செலவுப் புத்தகத்தில் செய்துகொள்ளும் ஏற்பாடு. கடனாளியின் பொறுப்பு அதனால் தீராது. ரிசர்வ் வங்கியின் 2023 ஜூன் சுற்றறிக்கையிலும் அப்படித்தான் இருக்கிறது. ஏழு வருஷம் போனால் தானாக அழிந்துவிடும் என்பதையும் நம்பி உட்கார வேண்டாம். குறைந்தது ஏழு ஆண்டு பதிவை வைத்திருக்க வேண்டும் என்பதுதான் விதி. எட்டாம் ஆண்டு அழித்தாக வேண்டும் என்பதல்ல.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. கெடு முடிந்த கடனைக்கூட, "கட்டுகிறேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டால் ஒப்பந்தச் சட்டத்தின் 25(3) பிரிவு அதற்கு மறுபடியும் உயிர் கொடுத்துவிடும். ஆகவே கார்டு விஷயத்தில் ஏஜெண்ட் நீட்டும் எந்தத் தாளிலும் கையெழுத்து வேண்டாம். வாட்ஸ்அப்பில், மின்னஞ்சலில் "அடுத்த மாதம் கட்டிவிடுகிறேன் சார்" என்றும் எழுத வேண்டாம். கடிதம் எழுத நேர்ந்தால் முதல் வரியிலேயே, "இது சமரசப் பேச்சுக்காக மட்டும் எழுதப்படுகிறது, கடனை ஒப்புக்கொள்வதாகாது, என் சட்ட உரிமைகள் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை" என்று போடுங்கள்.

வீட்டு வாசலுக்கு வந்தவர்கள்

இரவு ஒன்பது மணிக்குப் போன், நாத்தனாருக்குப் போன், பழைய பள்ளிக்குப் போன், பிறகு இருவர் பைக்கில் வந்து ஊர்க்காரர்கள் பார்க்க வாசலில் சத்தம். உங்கள் கடிதத்தில் தொகையைவிட இதுதான் அதிக இடத்தைப் பிடித்திருக்கிறது. முப்பது நாற்பது வீடு உள்ள ஊரில், ஒரு வீட்டு வாசலில் போட்ட சத்தம் பேருந்து நிறுத்தத்துக்குப் போவதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதை நம்பித்தான் அவர்கள் வருகிறார்கள்.

ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் இதைத் தெளிவாக்கிவிட்டது. பாக்கி வசூலுக்காகக் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது. மிரட்டல் கூடாது. பொது இடத்தில் அவமானப்படுத்துவதும் உறவினர், நண்பர்களைத் தொந்தரவு செய்வதும் கூடாது. நேரில் வருபவர் அடையாள அட்டையும் வங்கியின் அங்கீகாரக் கடிதமும் வைத்திருக்க வேண்டும். ஏஜெண்ட் செய்யும் தவறுக்கு அவரை அமர்த்திய வங்கியே பொறுப்பு.

எனவே ஏஜெண்டோடு சண்டை போட்டு மூச்சை வீணாக்காதீர்கள். வந்த அழைப்புகளின் தேதி, நேரம், எண், சொன்ன வார்த்தை ஆகியவற்றைக் குறித்து, பதிவு இருந்தால் சேர்த்து, வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஒம்புட்ஸ்மனிடம் இணையம் வழியாகப் புகார் செய்யலாம்; கட்டணம் கிடையாது. விவரம் கேட்க 14448. கையை ஓங்கினாலோ வீட்டுக்குள் நுழைந்தாலோ அது கடன் விவகாரம் அல்ல. காவல் நிலையத்துக்குப் போங்கள். இந்தப் புகார் உங்கள் பாக்கியைக் குறைக்காது. ஆனால் எழுத்துப் புகார் போன கணக்குகளில் பேச்சு வார்த்தையின் தொனி மாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

பேரம் பேசும் முறை

இரண்டு கடனையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். நானாக இருந்தால் சீட்டுப் பணத்தைக் கார்டுக்குக் கொடுக்க மாட்டேன். தனிநபர் கடனுக்கே வைப்பேன். அதுதான் இன்னும் வழக்குப் போடக்கூடிய கடன். அசல் 1,08,000; கையில் இருப்பது 1,30,000. முழுதாக அடைத்து 'குளோஸ்டு' என்று பதிய வைக்கக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதும் அதுதான்.

வங்கிக் கிளைக்கே எழுதி, 1,74,000 எப்படி வந்தது என்று பிரித்துக் கேளுங்கள்: அசல் எவ்வளவு, ஒப்பந்த வட்டி எவ்வளவு, அபராதம் எவ்வளவு, வழக்குச் செலவு என்று ஏதாவது ஏற்றியிருக்கிறார்களா. அபராதக் கட்டணத்தை அசலோடு சேர்த்து அதன்மேல் வட்டி போடக் கூடாது என்று 2023-இல் வந்த ரிசர்வ் வங்கி விதி இந்த வகைக் கடனுக்கு 2024-இலிருந்து பொருந்தும். கணக்கு வந்த பிறகு பேசுங்கள்: அசலும் வட்டியில் ஒரு பகுதியும் தருகிறேன், அபராதத்தை நீக்குங்கள், கணக்கை 'குளோஸ்டு' என்று பதியுங்கள். மீதிக்கு மூன்று நான்கு மாதம் கேட்கலாம். சீசனில் அறைகளிலிருந்து வருவது அதற்கு உதவும். முதலில் கட்டும் தொகையை 1,00,000-க்குக் கீழிருந்து பேசத் தொடங்குங்கள். கையில் எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டும் வாயைத் திறந்து சொல்லிவிடாதீர்கள். பிறகு பேச்சு அந்தத் தொகையிலிருந்துதான் ஆரம்பமாகும்.

கார்டில் 46,000 எப்படி 2,10,000 ஆனது என்று கேட்டிருக்கிறீர்கள். மாதம் மூன்றரை சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 42. வட்டிக்கு வட்டி சேர்ந்தால் நாலு வருஷத்துக்குள் நாலு மடங்கைத் தாண்டும். முப்பது சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்ற தேசிய நுகர்வோர் ஆணையத்தின் 2008 உத்தரவை நம்பிச் சிலர் இன்னும் வாதிடுகிறார்கள். அதை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. உங்கள் பலம் வட்டி விகிதத்தில் இல்லை, முடிந்த கெடுவில் இருக்கிறது. வழக்குப் போட முடியாத கணக்குக்கு 70,000 கேட்கிறார்கள், வாங்கியதே 46,000. வாங்கிய பணம் வாங்கியதுதான், அதைத் திருப்பித் தர நினைப்பது நியாயம். ஆனால் தனிநபர் கடன் முடிந்த பிறகு, அடுத்த சீசன் வருமானத்தில், 46,000-க்கு மேல் போகாமல் பேசுங்கள்.

எந்தக் கடனானாலும் காகிதம் முன்னால், பணம் பின்னால். வங்கியின் மின்னஞ்சல் முகவரியிலிருந்தோ, அதிகாரி கையெழுத்தும் முத்திரையும் உள்ள தாளிலோ சமரசக் கடிதம் வர வேண்டும். கடன் கணக்கு எண், சமரசத் தொகை, கட்ட வேண்டிய தேதி, கட்டிய பின் எந்தப் பாக்கியும் கோரமாட்டோம் என்ற வாசகம், நான்கு நிறுவனங்களுக்கும் எப்படிப் பதிவோம் என்ற வாசகம், இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். கடன் விற்கப்பட்டிருந்தால், வாங்கிய நிறுவனம் தனக்கு உரிமை மாற்றிய ஆவணத்தைக் காட்ட வேண்டும். பணம் உங்கள் கடன் கணக்குக்கோ, கடிதத்தில் உள்ள நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கோ மட்டும் போக வேண்டும். ஏஜெண்டின் கைப்பேசி எண்ணுக்குப் போன பணம் வங்கியைச் சேரவில்லை என்றால், கட்டியதை நிரூபிக்கும் பாடு உங்களுடையது.

கட்டி முடித்ததும் 'நோ டியூ' சான்றிதழ் வாங்குங்கள். ஒரு மாதம் கழித்து அறிக்கையைப் பாருங்கள். மாறவில்லை என்றால் வங்கியிடமும் சிபில் போன்ற நிறுவனத்திடமும் புகார் பதியுங்கள். 30 நாளுக்குள் திருத்தாவிட்டால் அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு உண்டு. இந்த வேலைக்குக் காசு செலவில்லை. "சிபில் கிளீன் பண்ணித் தருகிறோம்" என்று பத்தாயிரம், பதினைந்தாயிரம் கேட்கும் ஆட்கள் செய்வதும் இதே புகாரைத்தான். சரியான பதிவை அழிக்க எவராலும் ஆகாது. அவர்களிடம் ஓடிபி சொல்லிவிட்டு வந்து அழுதவர்கள் உண்டு.

கார்டு 'செட்டில்டு' என்று நின்றுவிட்டால் பிற்காலத்தில், கழித்த தொகையையும் கட்டி 'குளோஸ்டு' ஆக்கித்தரும்படி கேட்கலாம். பல வங்கிகள் சம்மதிக்கின்றன. அதற்குள் ஒரு சிறு வைப்புத் தொகையின் மேல் கார்டு எடுத்து, மாதம் சிலிண்டர் பணம் அளவுக்குச் செலவு செய்து முழுதும் அடைத்துவந்தால் மதிப்பெண் மெல்ல ஏறும். மாதக் கணக்கில் அல்ல, வருஷக் கணக்கில்.

லோக் அதாலத்

வங்கி நேரடியாக இறங்கிவராவிட்டால் உதகையில் உள்ள நீலகிரி மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். வருமானம் எவ்வளவானாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு, தொலைபேசி 15100. வழக்கே போடாத நிலையிலும் வங்கியை லோக் அதாலத் என்னும் மக்கள் நீதிமன்றத்துக்கு அழைத்துச் சமரசம் பேசலாம். ஆண்டுக்கு நான்கு முறை தேசிய லோக் அதாலத்தும் நடக்கிறது. அங்கே வரும் வங்கி அதிகாரிகளுக்குக் கழித்துத் தர அதிகாரம் கொடுத்து அனுப்புவது வழக்கம்.

ஒரு எச்சரிக்கை: அங்கே போடும் கையெழுத்து நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். மேல்முறையீடு கிடையாது. ஒத்துக்கொண்ட தவணை தவறினால் வங்கி நேரே நிறைவேற்று மனுவுக்குப் போய்விடும். உங்கள் தேயிலை வருமானம் பச்சை இலை விலையோடு ஏறி இறங்குவது. கிலோவுக்கு நல்ல விலை கிடைத்த மாதத்தை மனதில் வைத்துத் தவணையை ஒத்துக்கொள்ளாதீர்கள். மழைக்கால மாதத்தை வைத்து ஒத்துக்கொள்ளுங்கள். கார்டையும் அங்கே கொண்டுபோக வேண்டுமா என்று முதலில் வழக்கறிஞரிடம் கேளுங்கள். கெடு முடிந்த கடனுக்கு நீங்களே போய்த் தீர்ப்பு வாங்கிக்கொள்வதாக முடியக்கூடும்.

பின்குறிப்பாக, டெல்லியிலிருந்து 'ஆர்பிட்ரேஷன்', அதாவது நடுவர் விசாரணை, என்று ஓர் உறை வந்ததாகவும், பயத்தில் பிரிக்காமல் பீரோவில் வைத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதை இன்றே பிரியுங்கள். எந்தக் கடனுக்கு, எந்தத் தேதியிட்டது என்று பாருங்கள். உறையையும் தபால் முத்திரையோடு வைத்திருங்கள். வங்கி தன்னிச்சையாக நியமிக்கும் நடுவரை எதிர்க்க உங்களுக்கு வழி இருக்கிறது. ஆனால் பதிலே சொல்லாமல் விட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு எழுதி, அதை உதகை நீதிமன்றத்துக்கு நிறைவேற்றக் கொண்டுவருவார்கள். மேலே நான் சொன்ன கெடுக் கணக்கும் அந்த உறைக்குள் இருக்கும் தேதியைப் பொறுத்து மாறலாம். அதன் நகலை எடுத்துக்கொண்டு இந்த வாரமே சட்ட உதவி வழக்கறிஞரைப் பாருங்கள். ஏஜெண்டுக்குப் பதில் சொல்வது அதற்குப் பிறகு இருக்கட்டும்.